காயச் சான்றிதழ் கிடைக்காத காயம்: நெருக்கடிச் சுரப்புகளும் தணியாத அழற்சியும்

வன்கொடுமை வழக்காயினும் பணியிடத் துன்புறுத்தல் புகாராயினும், விசாரணையின் தொடக்கத்திலேயே ஒரு கேள்வி எழுகிறது: "காயம் எங்கே?" வெட்டு விழுந்திருந்தால் காயச் சான்றிதழ் கிடைக்கும். எலும்பு முறிந்திருந்தால் எக்ஸ்ரே கிடைக்கும். ஆண்டுக்கணக்கில் சாதிப் பெயர் சொல்லி ஏசப்பட்டு, இரவுப்பணி பார்த்து, சூப்பர்வைசரின் பார்வைக்கு அஞ்சி, விடுதிக் கதவுக்குள் அடைபட்டு வாழ்ந்த பெண்ணின் உடலில் என்ன நிகழ்ந்தது என்பதற்கு எந்தச் சான்றிதழும் இல்லை. 'மனசு சரியில்லை' என்ற இரு சொற்களோடு அந்தப் பக்கம் மூடப்படுகிறது.

மனம் வேறு, உடல் வேறு என்ற இந்தப் பிரிவினையை உடலியல் ஏற்பதில்லை. நெருக்கடியின்போது நம் உடலில் சுரக்கும் ஹார்மோன்களே உடலின் அழற்சியைக் கட்டுக்குள் வைக்கும் வேலையையும் செய்கின்றன. நெருக்கடி முடிவின்றி நீளும்போது அந்தக் கட்டுப்பாடு குலைகிறது. எவ்வாறு குலைகிறது என்பதை விளக்கி, திண்டுக்கல் மாவட்டத்தின் பஞ்சாலைகளிலும் தோல் தொழிற்சாலைகளிலும் உழைப்போர் சார்பாகச் சட்டத்தின் முன் அதை எப்படி வைக்கலாம் என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அழற்சி: உடலின் முதல் எதிர்ப்பு

முள் குத்திய இடம் சிவக்கிறது, சுடுகிறது, வீங்குகிறது, வலிக்கிறது. இந்த நான்கும் சேர்ந்ததே அழற்சி. அது நோய் அன்று. நோய்க்கு எதிராக உடல் எடுக்கும் முதல் நடவடிக்கை. கிருமியோ நச்சுப்பொருளோ நுழைந்ததை உணரும் வெள்ளை அணுக்கள், சைட்டோகைன் எனப்படும் செய்திப் புரதங்களை வெளியிடுகின்றன. இரத்தக் குழாய்கள் விரிகின்றன, நீர் கசிகிறது, மேலும் பல வெள்ளை அணுக்கள் அவ்விடத்தில் வந்து குவிகின்றன. அவை உமிழும் வேதிப்பொருள்கள் கிருமியைக் கொல்லும். அருகிலிருக்கும் நல்ல திசுவையும் அவை தாக்கும். ஆகவே அழற்சி உரிய நேரத்தில் தொடங்குவது எவ்வளவு இன்றியமையாததோ, உரிய நேரத்தில் அடங்குவதும் அவ்வளவு இன்றியமையாதது.

வேடசந்தூர், வடமதுரை, எரியோடு, நிலக்கோட்டைப் பகுதிகளின் நூற்பாலைகளில் பஞ்சைப் பிரித்துச் சிக்கெடுக்கும் பிரிவுகளில் வேலை செய்வோர் இந்த அழற்சியை நுரையீரலில் சுமக்கும் ஆபத்தில் இருக்கிறார்கள். பஞ்சுத்தூசியில் செடியின் துகள்களோடு, அதில் வாழ்ந்த பாக்டீரியாக்களின் மேலுறைச் சிதைவுகளும் கலந்திருக்கும். எண்டோடாக்சின் எனப்படும் இந்தச் சிதைவை நுரையீரல் கிருமித் தாக்குதலாகவே எடுத்துக்கொள்கிறது, மூச்சுக்குழாய்கள் அழற்சியுறுகின்றன. இதனால் வரும் நோய்க்குப் பைசினோசிஸ் என்று பெயர். வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகும் என்பது இதன் அடையாளம். தொடக்கத்தில் அந்த ஒரு நாளோடு அடங்கும் இறுக்கம், ஆண்டுகள் செல்லச்செல்ல வாரம் முழுவதும் நீடிக்கும். கடைசியில் நுரையீரலின் திறனே மீளாதபடி குறைந்துபோகும்.

திண்டுக்கல் நகரைச் சுற்றியுள்ள தோல் தொழிற்சாலைகளின் கதையும் இத்தகையதே. அங்கே சுண்ணாம்பிலும் குரோமிய உப்பிலும் நாள்தோறும் கை நனைப்போரின் தோலில் அதே அழற்சி வேறு வடிவில் தோன்றுகிறது. பைசினோசிஸும் குரோமியப் புண்ணும் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோய்களாக இடம்பெற்றன. தூசியும் ரசாயனமும் உடலைப் புண்ணாக்கும் என்பதைச் சட்டம் அப்போதே ஏற்றுக்கொண்டுவிட்டது.

மடையை மூடும் கை

கண்மாய் மடையைத் திறந்துவிட ஓர் ஆள் வேண்டும். வயல் நிறைந்ததும் மூடவும் ஆள் வேண்டும். மூட ஆளில்லாவிட்டால், பயிரைக் காக்க வந்த நீரே பயிரை அழுகச் செய்துவிடும். அழற்சி என்னும் மடையை மூடும் வேலையை உடலில் முதன்மையாகச் செய்வது கார்ட்டிசால் என்னும் ஹார்மோன்.

சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளின் புறப்பகுதியில் இது சுரக்கிறது. மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமஸ் முதல் ஆணையை அனுப்பும். பிட்யூட்டரி சுரப்பி அதை வாங்கி இரத்தத்தின் வழியே அட்ரினலுக்குக் கடத்தும். அட்ரினல் கார்ட்டிசாலைச் சுரக்கும். இந்தச் சங்கிலியை அச்சமும் அவமானமும் தூண்டும். வெள்ளை அணுக்கள் வெளியிடும் சைட்டோகைன்களும் தூண்டும். அதாவது, அழற்சி மூண்டதும் அதன் செய்தி மூளையை எட்டுகிறது. மூளை அதை அடக்கும் ஹார்மோனை வரவழைக்கிறது. தீ மூண்ட இடமே தண்ணீரையும் கேட்டு வாங்கிக்கொள்கிறது.

கார்ட்டிசால் உயிரணுவின் சவ்வைக் கடந்து உள்ளே சென்று, அதற்கென்றே அமைந்த ஏற்பி ஒன்றோடு பிணைகிறது. இந்த இணை உயிரணுவின் கருவுக்குள் புகுந்து, அழற்சியைத் தூண்டும் மரபணுக்களின் செயலை அடக்குகிறது; அழற்சியைத் தணிக்கும் புரதங்களை உருவாக்கும் மரபணுக்களை ஊக்குவிக்கிறது. அதே சுரப்பியின் உட்பகுதியில் உண்டாகும் அட்ரினலினும் வெள்ளை அணுக்கள் மீது செயற்பட்டுச் சில அழற்சிப் புரதங்களைக் குறைக்கிறது. கடும் ஒவ்வாமையில் உயிருக்குப் போராடுபவருக்கு அட்ரினலின் ஊசி போடுவது, இரத்த அழுத்தத்தை மீட்டு, மூச்சுக்குழாயை விரித்து, வீக்கத்தைக் குறைப்பதற்காகவே.

இந்தத் தடுப்பு இல்லையென்றால் என்ன ஆகும் என்பதை விலங்குச் சோதனைகள் காட்டின. அட்ரினல் சுரப்பிகள் நீக்கப்பட்ட விலங்குகள், மற்றவை எளிதில் தாங்கிக்கொள்ளும் சிறிதளவு எண்டோடாக்சினுக்கே மடிந்தன. அவற்றைக் கொன்றதில் பெரும்பங்கு, அடக்குவாரின்றி மூண்ட சொந்த உடலின் அழற்சிக்கு உண்டு. அமெரிக்க உடலியலாளர் ஆலன் மங்க் 1984இல் தம் குழுவினரோடு வெளியிட்ட கட்டுரையில் இதை ஒரு கோட்பாடாக்கினார். நெருக்கடியில் சுரக்கும் கார்ட்டிசாலின் பணி, நெருக்கடிக்கு உடல் காட்டும் எதிர்வினை எல்லை மீறி உடலையே அழித்துவிடாமல் தடுப்பதே என்பது அதன் சாரம்.

மருத்துவ உலகம் இதற்கு முன்பே இந்த ஆற்றலைக் கையாளத் தொடங்கியிருந்தது. 1948இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பிலிப் ஹென்ச், முடக்குவாதத்தால் நடக்க இயலாதிருந்த ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசாலின் நெருங்கிய உறவான கார்ட்டிசோனைச் செலுத்தினார். சில நாள்களில் அவர் எழுந்து நடந்தார். 1950ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு ஹென்ச் உள்ளிட்ட மூவருக்கு இதற்காகவே வழங்கப்பட்டது. 2020இல் கொரோனாத் தொற்றால் வென்டிலேட்டரில் இருந்த நோயாளிகளின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்ததாகப் பிரிட்டனின் ஆய்வு காட்டிய டெக்சாமெத்தசோன், இதே ஹார்மோனைப் பின்பற்றிச் செய்யப்பட்ட மருந்து.

ஆகவே 'ஸ்ட்ரெஸ் ஹார்மோன்' என்றாலே உடலின் பகை என்று எண்ணுவது பிழை. அது காவல். பிறகு ஏன் ஓயாத நெருக்கடி உடலைக் கெடுக்கிறது?

கேளாமற்போகும் ஏற்பிகள்

சங்கு ஊதினால் ஷிப்ட் மாறும். நாள் முழுதும் ஓயாமல் சங்கு ஊதிக்கொண்டேயிருந்தால் எவரும் அதற்குச் செவிகொடுக்க மாட்டார்கள். கார்ட்டிசாலுக்கும் அதுவே நேர்கிறது. வெள்ளை அணுக்கள் அதன் ஆணைக்கு உட்படும் திறனைப் படிப்படியாக இழக்கின்றன. ஹார்மோன் இரத்தத்தில் இருக்கும், ஆணையும் வரும், ஆனால் கேட்பார் இருக்க மாட்டார். அழற்சி தொடங்கினால் அடங்காமல் நீடிக்கும்.

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷெல்டன் கோஹன் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நலமாயிருந்த 276 பேரிடம் அவர்களுடைய வாழ்வின் நீண்ட நெருக்கடிகளைக் கேட்டறிந்த பின், மூக்கில் சளிக் கிருமியைச் செலுத்தித் தனிமையில் வைத்துக் கவனித்தார்கள். நீண்ட நெருக்கடியில் இருந்தோரின் வெள்ளை அணுக்கள் கார்ட்டிசாலுக்குக் குறைவாகவே கட்டுப்பட்டன. அவ்வாறு கட்டுப்படாதோருக்கே சளி நோய் அதிகமாகக் கண்டது. இரத்தத்தில் கார்ட்டிசால் எவ்வளவு இருந்தது என்ற கணக்கு மட்டும் யார் நோயுறுவார் என்பதைச் சொல்லவில்லை. 2009இல் வந்த வேறோர் ஆய்வில், வறிய குடும்பத்தில் குழந்தைப் பருவத்தைக் கழித்தோரின் வெள்ளை அணுக்களில், அவர்கள் பிற்காலத்தில் எந்த நிலையை அடைந்திருந்தாலும், இதே தடம் காணப்பட்டது.

இதோடு இன்னொரு குலைவும் சேர்கிறது. கார்ட்டிசாலுக்கு ஒரு நாள்சுற்று உண்டு: விடியலில் உயரும், நள்ளிரவையொட்டி மிகக் குறையும். இந்த ஏற்ற இறக்கத்தைக் கொண்டே வெள்ளை அணுக்கள் தம் வேலை நேரத்தை ஒழுங்குசெய்துகொள்கின்றன. வாரந்தோறும் ஷிப்ட் மாறும் தொழிலாளியின் உடற்கடிகாரம் எந்த ஒழுங்கிலும் நிலைகொள்ள முடிவதில்லை. இரவு ஷிப்ட் வேலையை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடும் என்ற வரிசையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இல் சேர்த்தது. 2019இல் மீண்டும் அதையே உறுதிசெய்தது.

பஞ்சுத்தூசியையும் ஓயாத நெருக்கடியையும் இனி ஒருசேர எண்ணிப் பாருங்கள். தூசி நுரையீரலில் அழற்சியை மூட்டுகிறது. அதை அடக்க வேண்டிய ஹார்மோனின் குரலை உறக்கமின்மையும் அச்சமும் அவமானமும் மங்கச் செய்கின்றன. தாக்குதலும் பாதுகாப்பின் குலைவும் ஒரே உடலில், ஒரே கூரையின்கீழ் நடக்கின்றன.

பிறப்பினால் அல்ல, இருத்தப்பட்ட இடத்தினால்

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. 'அவர்கள் உடலே அப்படித்தான்' என்று சாதியம் சொல்லிவந்த பழைய பொய்க்கு, அறிவியலின் பெயரால் புதிய சட்டை மாட்டிவிடக்கூடாது. இதற்கு விடையாக ஓர் ஆய்வைச் சொல்லலாம். மனிதரல்லாத உயிர்களிடம் செய்யப்பட்டது என்பதால் அதன் எல்லையை மறவாமல் படிக்க வேண்டும்.

2016இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்த அந்த ஆய்வில், ஒன்றையொன்று முன்பின் அறியாத 45 பெண் குரங்குகளைச் சிறு சிறு குழுக்களாக்கினார்கள். குழுவில் முதலில் விடப்பட்டது மேல்நிலையையும் கடைசியில் விடப்பட்டது அடிநிலையையும் பெரும்பாலும் அடைந்தது. உணவும் உறைவிடமும் எல்லாவற்றுக்கும் உண்டு. ஆயினும் அடிநிலையில் இருந்தவற்றின் நோயெதிர்ப்பு அணுக்களில் அழற்சி மரபணுக்கள் மிகையாகச் செயற்பட்டன. பின்னர் குழுக்களை மாற்றியமைத்து, நிலைகளை மாற்றியபோது, அதே உயிர்களின் மரபணுச் செயற்பாடும் புதிய நிலைக்கேற்ப மாறியது.

இதிலிருந்து நமக்குத் தேவையான பாடங்கள் இரண்டு. வேறுபாட்டை உண்டாக்கியது பிறப்பு அன்று, இருத்தப்பட்ட இடம். அந்த இடம் மாறினால் உடலும் மாறும். மனித சமூகத்தில் அந்த இடத்தை ஆய்வாளர்கள் தீர்மானிப்பதில்லை. சாதியும் கூலியும் பாலினமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. அம்பேத்கர் சுட்டிய படிநிலைச் சமத்துவமின்மை, ஏட்டில் எழுதப்பட்டிருப்பதோடு நிற்காமல் உயிரணுவரை இறங்குகிறது. அதை மாற்றும் அரசியலும் அவ்வளவு ஆழம் இறங்கவல்லது.

மாத்திரை தரும் அமைதி

உடல் தன் தடுப்பை இழக்கும்போது சந்தை வெளியிலிருந்து ஒன்றை விற்கிறது. மூட்டுவலிக்கும் இளைப்புக்கும் தோல் அரிப்புக்கும் மருத்துவர் சீட்டு இல்லாமல் கடையில் கலந்து தரப்படும் மாத்திரைகளில் பிரட்னிசலோன், பெட்டாமெத்தசோன், டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகள் இருப்பது புதிதன்று. உரிய நோய்க்கு, உரிய அளவில் இவை உயிர்காக்கும் மருந்துகள். மாதக்கணக்கில் தானாகத் தின்றால், வெளியிலிருந்து வருவதே போதும் என்று அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், தொற்றுகள் எளிதாய்ப் பற்றும். அந்நிலையில் மருந்தைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. மருத்துவர் மேற்பார்வையில்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஸ்டீராய்டு களிம்புகளின் கட்டற்ற விற்பனையால் நேர்ந்த கேடுகளைத் தோல் மருத்துவர்கள் தொடர்ந்து சுட்டிக்காட்டிய பின்னரே, 2018இல் ஒன்றிய அரசு அவற்றில் 14 வகைகளை மருத்துவர் சீட்டோடு மட்டுமே விற்கத்தக்கவை ஆக்கியது.

ஆலைக்குள்ளும் இதே போக்குதான். தமிழ்நாட்டின் ஆடைத் தொழிலில் மாதவிடாய் வலிக்குப் பெயர்ச்சீட்டு இல்லாத மாத்திரைகளைக் கொடுத்துப் பெண்களை எந்திரத்தின் முன் நிறுத்திவைப்பதை, ஏறத்தாழ 100 பெண்களைச் சந்தித்து எழுதிய தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தி 2019இல் வெளிக்கொணர்ந்தது. அவை பெரும்பாலும் வேறு வகை அழற்சித் தடுப்பு மாத்திரைகள். மருந்து வேறாயினும் தர்க்கம் ஒன்றே: உடல் எழுப்பும் எதிர்ப்பை அடக்கு, உற்பத்தியை நிறுத்தாதே.

சட்டத்தில் இதற்கு இடம் உண்டா?

உண்டு. 2015இல் திருத்தப்பட்ட பட்டியல் சாதியினர், பட்டியல் பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 'பாதிக்கப்பட்டவர்' என்பதற்குத் தரும் விளக்கத்தில் உடல் தீங்கோடு மனத் தீங்கையும், உளவியல், உணர்வுத் தீங்குகளையும் சேர்த்தே சொல்கிறது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம், பெண்ணின் உடல்நலத்தையோ பாதுகாப்பையோ பாதிக்கக்கூடிய இழிவான நடத்தையையும் துன்புறுத்தலின் சூழ்நிலைகளுள் ஒன்றாக எண்ணுகிறது. இழப்பீட்டைக் கணக்கிடும்போது மன அதிர்ச்சியையும் வேதனையையும் மருத்துவச் செலவையும் கருத வேண்டும் என்கிறது. 'காயம் எங்கே?' என்று கேட்பவர் இச்சட்டங்களைப் படிக்காதவர்.

வேலை நேரம் குறித்த போராட்டமும் உடலைக் குறித்ததே. வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக அம்பேத்கர் இருந்தபோது கொண்டுவரப்பட்ட 1946ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், ஆண்டு முழுதும் இயங்கும் ஆலைகளில் வார வேலை நேரத்தை 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைத்தது. பெண்கள் இரவில் ஆலையில் வேலை செய்வதற்கு இருந்த தடையை 2000இல் நீக்கிய சென்னை உயர்நீதிமன்றம், பகல் ஷிப்டிலிருந்து இரவு ஷிப்டுக்கோ, இரவிலிருந்து பகலுக்கோ மாறும்போது இடையே தொடர்ந்து 12 மணி நேர ஓய்வாவது இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் விதித்தது. 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவைத் தமிழ்நாடு சட்டப்பேரவை 2023 ஏப்ரல் 21 அன்று நிறைவேற்றியது. எழுந்த எதிர்ப்பால் மே 1 அன்று அது திரும்பப் பெறப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. ஓய்வு என்பது முதலாளி தரும் சலுகை அன்று. சுரப்பு ஏறி இறங்குவதற்கு உடல் கேட்கும் இடைவெளி அது.

நெருக்கடியைக் குறைப்பது என்றால் என்ன என்பதற்கான முன்மாதிரியும் திண்டுக்கல்லிலேயே பிறந்தது. 2021 ஜனவரியில், இம்மாவட்டத்தில் ஏற்றுமதி ஆடை ஆலை ஒன்றில் வேலை செய்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைது செய்யப்பட்டார். தலித் பெண்கள் தலைமையேற்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் நடத்திய போராட்டம், பன்னாட்டு அமைப்புகளின் துணையோடு 2022இல் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' ஆயிற்று. ஆடை நிறுவனத்தோடு எச்&எம், கேப், பிவிஎச் ஆகிய பன்னாட்டு வணிகப் பெயர்களும் அதில் கையொப்பமிட்டன. பாலியல் வன்முறையோடு சாதிப் பாகுபாட்டையும் அது கணக்கில் எடுத்தது. வேலைத்தளத்தில் தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்போரை அமர்த்தியது. புகார் செய்தவரைப் பழிவாங்கத் தடை விதித்தது. ஓர் உடலியலாளர் இதைப் படித்தால், அஞ்ச வேண்டிய நேரத்தைக் குறைக்கும் ஏற்பாடு என்றே சொல்வார். ஆலை நிர்வாகங்கள் நடத்தும் யோகா வகுப்புகளால் எட்ட முடியாத இடம் இது.

எஞ்சியிருப்பது மெய்ப்பிக்கும் சுமை குறித்த கேள்வி. 'இந்தப் பெண்ணின் இளைப்புக்கு நெருக்கடியே காரணம் என்று நிரூபி' என்று எதிர்த்தரப்பு கேட்கும். இதற்கும் திண்டுக்கல்லோடு தொடர்புள்ள ஒரு தீர்ப்பு வழிகாட்டுகிறது. 1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தோல் தொழிற்சாலைகளின் மாசு குறித்துத் தீர்ப்பளித்தது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஊராட்சி ஒன்றியங்களின் 13 கிராமங்களில் குடிநீருக்கும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 மாசடைந்தன என்ற கள ஆய்வு அத்தீர்ப்பில் இடம்பெற்றுள்ளது. திண்டுக்கல் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது. பெருந்தீங்கு நேரும் அறிகுறி இருக்கையில், முழு அறிவியல் உறுதி இல்லை என்று காரணம் காட்டித் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடக்கூடாது. தீங்கில்லை என்று காட்டும் சுமை தொழில் நடத்துபவருக்கே என்ற முன்னெச்சரிக்கைக் கோட்பாடு நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அத்தீர்ப்பு அறிவித்தது. சுவருக்கு வெளியே உள்ள கிணற்றுக்குக் கிடைத்த இக்கோட்பாடு, சுவருக்கு உள்ளே மூச்சு வாங்கும் உடலுக்கும் வேண்டும் என்பதே நாம் இனி முன்வைக்க வேண்டிய வாதம்.

களத்தில் நிற்போர் செய்யத்தக்கவை

கார்ட்டிசால் இரத்தப் பரிசோதனையைச் சான்றாக நம்பி வழக்கு நடத்த வேண்டாம். அந்த அளவு மணிக்கு மணி மாறும்; நீண்ட நெருக்கடியில் கூடியும் இருக்கும், குறைந்தும் இருக்கும். 'கார்ட்டிசால் சரியாக இருக்கிறது' என்ற ஒரு தாள், மெய்யான துன்பத்தைப் பொய்யாக்கிவிடும்.

மாறாக, ஷிப்ட் மாறிய நாள்களையும், இடையே கிடைத்த ஓய்வு மணிகளையும், உறங்கிய நேரத்தையும் நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஏசிய சொல்லை அப்படியே, நாளும் நேரமும் உடனிருந்தோர் பெயரும் குறித்துப் பதிவு செய்யுங்கள். பஞ்சுப் பிரிவில் வேலை செய்வோருக்கு, விடுமுறை முடிந்த முதல் நாளில் வேலைக்கு முன்பும் பின்பும் நுரையீரல் திறன் சோதனை செய்யக் கோருங்கள். அந்த வேறுபாடு பேசும் சான்று. மருத்துவரிடம் செல்லும்போது என்ன வேலை, எத்தனை ஆண்டு, எந்த ஷிப்ட் என்பதை நோயாளிச் சீட்டிலேயே எழுதித் தரக் கேளுங்கள். மாத்திரைக்குப் பெயர் கேளுங்கள், அட்டையைப் பத்திரப்படுத்துங்கள்.

மடையை மூடுவதற்கான கையை இயற்கை எல்லா உடலுக்கும் ஒன்றுபோலவே கொடுத்திருக்கிறது. அந்தக் கையை வேலை செய்ய விடாத கால அட்டவணையும், விடுதிப் பூட்டும், சாதிச் சொல்லும் மனிதர் செய்தவை. மனிதர் செய்தவற்றை மாற்றக் கேட்பதற்குச் சட்டம் போதுமான சொற்களைத் தந்திருக்கிறது.